குடிநீர் அலுவலக வலைப்பதிவு எளிமையாக்கப்பட்ட வரலாறு

குடிநீர் அலுவலகத்தின் வலைப்பதிவைப் பதினோரு வருடமாக எழுதிவந்தார் எழுத்தர் ஒருவர். எப்போதும் ஒரே பத்தி. முற்றுப்புள்ளி கடைசியில் ஒன்று. யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. எனவே மேலிடம், தீவிர பரிசீலனைக்குப் பின், எளிய வாசிப்பு அதிகாரி என்றொருவரை நியமித்தருளியது.

அவர் மேசைக்கு வந்த முதல் பதிவு: வியாழக்கிழமை குழாய்களை மருந்து போட்டுக் கழுவுகிறோம், தண்ணீர் வரும், ஆனால் மாலை நான்கு மணி வரை குடிக்காதீர்கள்.

"விஷயம் சரி. கண்ணு வலிக்குது," என்றார் அதிகாரி. "போன்ல படிக்கிறவங்க தடிச்ச எழுத்தைத்தான் பார்ப்பாங்க. வரிக்கு ஒரு வார்த்தை போதும்."

"சரி சார்."

"இந்த 'குடிக்காதீர்கள்' ரொம்ப நீளம். ரெண்டா உடையுது. அதோட எதிர்மறை வேற. வாசகர் மனசு சோர்ந்துடும்."

"குடிச்சா வயிறு கெட்டுடுமே சார்?"

"வயிறு சுகாதார இலாகா பாடு. நம்ம பொறுப்பு கண்ணு. 'நான்கு மணிக்குப் பிறகு குடியுங்கள்'னு மாத்துங்க."

மாற்றினார். நான்கு மணி என்பது விவரம். ஆகவே விவரங்களுக்கென ஒதுக்கப்பட்ட 'மேலும் வாசிக்க' பொத்தானுக்குள் அது போனது. மருந்தும் கூடவே போனது. மிச்சம், தாராளமான வெற்றிடத்துடன் வெளியானது:

வியாழக்கிழமை.

தண்ணீர்.

வரும்.

குடியுங்கள்.

பக்கத்தில் கண்ணாடி டம்ளர் படம். புதன் மாலைக்குள் அறுநூறு லைக். 'இப்பதான் ஆபீஸ்காரங்க நமக்குப் புரியற மாதிரி பேசறாங்க' என்று ஒருவர் நெகிழ்ந்திருந்தார். அதிகாரிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

வியாழன் மதியம் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றது. தகவல் கேட்டு ஓடிவந்த எழுத்தர், வரிசையில் ஏழாவது ஆளாக நின்ற அதிகாரியைக் கண்டார்.

"பொத்தானை ஒருத்தர் அழுத்தியிருக்கார்யா," என்று முனகினார் அதிகாரி. "நல்ல ஆரம்பம்."

"அது நான்தான் சார். எழுத்துப்பிழை பார்த்தேன்."

உள்ளே கட்டிலில் எழுத்தரின் மனைவி. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"காலையில வாயாலயே சொல்லிட்டுத்தானே போனேன், குடிக்காதேன்னு?" என்றார் எழுத்தர்.

"சொன்னீங்க. நீங்க ஆரம்பிச்சா முடிக்கிறீங்களா? குழாய், துரு, மருந்துன்னு போயிட்டே இருந்தீங்க. அதான் உங்க ஆபீஸ் பதிவைத் திறந்து பார்த்தேன். பளிச்சுனு இருந்துச்சு."

எழுத்தர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நர்ஸ் வந்து, வீட்டில் என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கவே கூடாது என்று பக்கம் முழுக்க அச்சடித்த தாளை நீட்டினார். எழுத்தர் முதல் வரியைப் படித்தார். இரண்டாவது வரியைப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சுருக்கமா வாயால சொல்லிடுங்களேன், சிஸ்டர்."