'இருக்கு பாய்' கடையில் விசாரித்த கதை

பொய் சொல்லவே தெரியாத ஒரு மனிதர் வாயிலிருந்து வந்த அளவுக்குப் பொய்யை நான் வேறு யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. கீழ்க்கட்டளையில் எங்கள் தெருமுனையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அவருடைய நிஜப் பெயர் கடைப் பலகையில் இருந்தது; யாரும் படித்ததில்லை. ஊருக்கு அவர் 'இருக்கு பாய்'.

கடைக்காரர்கள் 'இல்லை' என்று சொல்லத் தயங்குவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். பாய் ஒரு படி மேலே போய்விட்டார். கடைக்குள் அந்த வார்த்தையை உச்சரித்தாலே வியாபாரம் படுத்துவிடும் என்று அவருடைய அத்தா, அதாவது அப்பா, சொல்லியிருந்தாராம். அதனால் என்ன கேட்டாலும் 'இருக்கு'.

குடிவந்த புதிதில் அரை இஞ்ச் குழாய் கேட்டேன்.

"இருக்கு சார்" என்று உள்ளே போனவர், பக்கெட்டோடு வந்தார்.

"பாய், நான் குழாய் கேட்டேன்."

"குழாய் நாளைக்கு வருது சார். அதுவரைக்கும் ஒழுகுறதைப் பிடிக்கணுமே?"

அதிர்ச்சியில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆட்டோ ஓட்டும் கண்ணன் ஒருநாள் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டான்.

"இருக்கு."

"அப்ப குடு."

"பேங்க்ல இருக்கு."

"இன்னா பாய், சவாரி வெய்ட் பண்ணிகினு கீது, பேஜார் பண்ற!"

ஆணியை எடை போட்டு விற்பதால் ஒருமுறை தராசைச் சோதிக்க அதிகாரி ஒருவர் வந்தார். "தராசுல ஏதாவது கோளாறு இருக்கா?" என்றார். "இருக்கு சார்" என்றார் பாய். அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டவுடன் ஒப்புக்கொண்ட ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. கல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். இம்மியும் குறையவில்லை. "பின்னே ஏன்யா இருக்குன்னே?" என்று கத்தினார். பாய் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நின்று, "இல்ல சார்" என்றார்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம், என் தம்பி செந்திலுக்குப் பெண் பார்க்கும்வரை.

செந்திலுக்கு நாவலூரில் வேலை. பெண் வித்யா, பள்ளிக்கரணை. இருவருக்கும் பிடித்துப்போய், சார்ஜரில் செருகிய போனைக் காதிலிருந்து எடுக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நிச்சயத்துக்கு முன் பெண்ணின் அப்பா, எங்களிடம் சொல்லாமல், பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்தார். நேரே தெருமுனைக் கடையில் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"அந்தப் பையனுக்குக் குடிப்பழக்கம் ஏதாவது இருக்கா?"

"இருக்கு."

"ஐயையோ! கடன்?"

"இருக்கு."

"வேற பொண்ணு சகவாசம்...?"

"இருக்கு."

வாய் சொன்னதைத் தலையால் மறுக்கப் பார்த்திருக்கிறார் பாய். இடமும் வலமுமாகப் பலமாக ஆட்டியிருக்கிறார். 'பாவம், மனசு கேக்காம வருத்தப்படுறார்' என்று எடுத்துக்கொண்டார் பெண்ணின் அப்பா. கல்லாவைப் பூட்டிக்கொண்டு பாய் தெருவில் இறங்குவதற்குள் ஸ்கூட்டர் போய்விட்டது.

சாயங்காலம் போன் வந்தது. சம்பந்தம் வேண்டாமாம். பாதாம் பாலைத் தாண்டி எதையும் குடித்தறியாத செந்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். என்ன நடந்தது என்று பாயே வந்து சொன்னார்.

"உங்க அத்தா பேச்சைக் காப்பாத்த என் புள்ள கல்யாணம்தான் கிடைச்சுதா பாய்?" என்றாள் அம்மா.

அவரையே அழைத்துக்கொண்டு பள்ளிக்கரணைக்கு ஓடினோம். "தம்பிகிட்ட ஒரு கெட்ட பழக்கமும் இல்ல சார்" என்று கெஞ்சினார் பாய். பெண்ணின் அப்பா கணக்கு வாத்தியார், அசையவில்லை.

"விசாரிக்க நல்ல ஆளைப் பார்த்தீங்கப்பா!" என்றாள் வித்யா, அழுத கண்ணோடு.

"நீ சும்மா இரும்மா. அங்க ஒண்ணு இங்க ஒண்ணு பேசுறவரை எப்படி நம்புறது? உங்க கடையில நின்னு இதையே சொல்லுங்க பாய், நம்புறேன்."

பாயின் முகம் வெளுத்துவிட்டது.

மறுநாள் காலை கடை வாசலில் பாதித் தெரு நின்றது. "வாணாம் பாய், பொயப்பு பூடும்" என்றான் கண்ணன். பாய் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றார். குழாய்களைப் பார்த்தார், செந்திலைப் பார்த்தார், கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"குடி இல்ல. கடன் இல்ல. பொண்ணு சகவாசம் இல்ல."

கூரை விழப்போகிறது என்பதுபோல் எல்லோரும் மேலே பார்த்தோம். பெண்ணின் அப்பா கைகூப்பினார். பாய் ஸ்டூலில் சரிந்தார். "அவ்வளவுதான் சார். இனிமே இந்தக் கடைக்கு யார் வருவாங்க?"

கண்ணன் முன்னே வந்து, "ஒரு பெயிண்ட் பிரஷ் குடு பாய்" என்றான். அவன் இருப்பது வாடகை வீட்டில். அம்மா கொடிக்கயிறு கேட்டாள். பெண்ணின் அப்பா பூட்டு கேட்டார். சுத்தியலைத் தொட்டே பார்த்திராத என் அப்பா, ஒரு கிலோ ஆணி வாங்கினார். அன்று வந்த கூட்டத்தில் மதியம் சாப்பிடக்கூட பாயால் எழுந்திருக்க முடியவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. பிறகு நாங்கள் வீடு மாறியபோது பாதிச் சாமானைத் தூக்கிப் போட்டோம். பிரிக்காத அந்த ஆணிப் பொட்டலத்தை மட்டும் அப்பா லாரியில் ஏற்ற விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.