டெய்லர் அக்கா விட்ட ரயில்

உலகத்தில் எந்த டெய்லரும் சொன்ன தேதியில் ஜாக்கெட் கொடுத்ததில்லை. மிஷின் ரிப்பேர், கரண்ட் இல்லை, கொக்கி கட்டுகிற பெண் வரவில்லை என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். ஆனால், "கூட்ஸ் வண்டி லேட்டும்மா" என்று சொன்ன ஒரே டெய்லர், கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த டெய்லர் அக்காதான்.

அதில் பொய்யும் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் வில்லியனூருக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் டெய்லர் அக்கா வீட்டு முன்னறைக்குப் போக வேண்டும். அங்கே தையல் மிஷினுக்குப் பின்னால், எட்டடிக்கு ஆறடி பிளைவுட் பலகையில், ஊரும் வயலும் வாய்க்காலும் விரிந்து கிடக்கும். நடுவே கட்டைவிரல் உயரத்தில் ஒரு ரயில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் சரக்குப் பெட்டிகளில் கொக்கி, பாபின், சாக்பீஸ் எல்லாம் ஏற்றி அனுப்பி, அது ஊரைச் சுற்றி மிஷின் பக்கம் வந்து நின்ற பிறகுதான் அக்கா எடுத்துத் தைப்பார். கையை நீட்டினால் எட்டுகிற கொக்கி டப்பாதான். நீட்ட மாட்டார்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று அவருடைய கணவரிடம் ஒருமுறை கேட்டேன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், சாது. பாண்டி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஜிப்பு வாங்கப் போன மனைவி, சக்கரம் உடைந்த ஒரு பொம்மை எஞ்சினோடு திரும்பி வந்தாராம். ஜிப்பு வாங்க மறந்துவிட்டாராம். அடுத்த வாரம் ஜிப்பு வாங்கப் போய் ரெண்டு பெட்டி. பிரான்சுக்குக் குடிபோகிறவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது போட்டுவிட்டுப் போகிற பழைய பொம்மை ரயில்களெல்லாம் அந்தச் சந்தைக்குத்தான் வரும். அக்கா ஒன்றையும் விடவில்லை. ஐம்பது அறுபது வண்டிகள், செருப்புப் பெட்டிகளில் தூங்கின. "எனக்கு ஒரு பாய் போட எடம் உட்டா போதும் சார்" என்றார் கணவர். அந்த இடமும் அடுத்த வருடம் போனது. அவர் வராந்தாவுக்கு மாறினார்.

பலகையில் இருந்த ஊர் கற்பனை ஊர் அல்ல, எங்கள் ஊரேதான். அதற்காக அக்கா கழுத்தில் இஞ்சு டேப்பைப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக அளந்தார். வரப்பில் உட்கார்ந்து அளந்தார். கோயில் மதிலை அளந்தார். எங்கள் நகர் அப்போதுதான் வயலிலிருந்து மனையாக மாறிக்கொண்டிருந்த நேரம். டேப்போடு யார் வந்தாலும் பிளாட் போடுகிறவர் என்று நினைத்து விலை கேட்பார்கள். அக்காவைப் பார்த்து மட்டும், "ஊருக்கே ஜாக்கெட் தைக்கப் போவுது" என்று சிரித்தார்கள்.

அக்கா கணக்கு ஒரு இஞ்சுக்கு நாற்பதடி. அந்தக் கணக்கில் வீடுகள் சுண்டைக்காய் அளவுக்கு வந்தன. ரயிலைப் பார்த்தால் ஒவ்வொரு பெட்டியும் கோயில் கோபுரத்தைத் தாண்டி நின்றது. இதை நான் சுட்டிக்காட்டினேன். அக்கா ஒருமுறை ரயிலைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார்.

"ரயிலு பெருசாதான் சார் இருக்கும்" என்றார்.

வயல்களெல்லாம் ஜாக்கெட் துணியில் மிச்சம் விழுந்த பிட்டுகள். நாற்றங்காலுக்குக் கிளிப்பச்சை, விளைந்த நெல்லுக்கு மஞ்சள் பட்டு, கரும்புக்குத் துடைப்பக் குச்சி. இதனால் ஒரு சண்டை வந்தது. ஊரில் நிறைய நிலம் வைத்திருந்த பெரிய வீட்டம்மா, ஜாக்கெட் வாங்க வந்த இடத்தில் தன் கல்யாணநாள் பட்டுத் துணியைப் பலகையில் பார்த்துவிட்டார். திருட்டுப் பட்டம் கட்டாத குறை. அக்கா பதறவில்லை. அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக் குனிய வைத்து, அது அவருடைய நிலம்தான், ஏரிக்கரையோரம் இருக்கிற கொல்லைதான் என்று காட்டினார். மிளகு அளவில் மோட்டார் கொட்டகைகூட இருந்தது. பெரிய வீட்டம்மா வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது, "தென்ன மரம் ஏழு இருக்குதுடி. நீ அஞ்சுதான் வெச்சிருக்கிற" என்றார். அன்றிலிருந்து பெண்கள் மிச்சத் துணியைக் கேட்பதை நிறுத்தி, தங்கள் துணி எந்த வயலில் விழுந்தது என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்புறம் ஒரு ஐப்பசி மழை. தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. ரெண்டு நாள் விடாமல் கொட்டியதில், மூன்றாம் நாள் காலையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. வந்த தண்ணீர் போக வழி தெரியாமல் வீட்டுக்குள் ஏறியது. நாங்கள் டிவியையும் அரிசி மூட்டையையும் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, அக்காவுக்கு உதவலாம் என்று ஓடினோம்.

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார் அக்கா. அந்த வீட்டில் உயரமான இடம் ஒன்றே ஒன்றுதான், ரயில் பலகை. ஊரின்மேல் தீபாவளித் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கோயில் சாய்ந்திருந்தது, தென்னைகள் ஒடிந்திருந்தன. பலகைக்குக் கீழே செருப்புப் பெட்டிகள் நனைந்து பிளந்து, உள்ளே இருந்த எஞ்சின்கள் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தன. என் மனைவி ஒரு பெட்டியை எடுக்கக் குனிந்தாள்.

"அத உடும்மா. அந்த ரோஸ் பையத் தூக்கு மொதல்ல. கல்யாணப் பொண்ணு துணி" என்றார் அக்கா.

அவர் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. முகத்தை மட்டும் எங்கள் பக்கம் திருப்பவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் தண்ணீர் வடிந்தது. துணி வாங்க வந்த பெண்கள் எல்லோருக்கும் காய்ந்த துணி கிடைத்தது. கூடவே சேற்றில் கிடந்த ரயில்களும் கண்ணில் பட்டன. பெரிய வீட்டம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு பேசினில் தண்ணீர் எடுத்துவந்து முதல் எஞ்சினைக் கழுவினார். மதியத்துக்குள் எங்கள் தெருவில் துணி காயப்போடும் கொடிகளிலெல்லாம் ரயில் தொங்கியது. ஒவ்வொரு பெட்டிக்கும் ரெண்டு கிளிப்பு. தீபாவளிக்கு வந்த ஒரு புது மாப்பிள்ளை, மாமனார் வீட்டு வாசலில் தலைக்குமேல் ஒரு எக்ஸ்பிரஸ் ஆடுவதைப் பார்த்துத் தயங்கி நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கழுவியதில் பாதிக்கு மேல் மறுபடி ஓடின. ஓடாதவற்றை அக்கா ஒரு மூலையில் நிறுத்தி, ஒர்க்ஷாப் என்று எழுதி வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய விஷயம். வெள்ளம் ஏன் வந்தது என்று பார்க்க ஒரு அதிகாரி வந்தார். தெருக்கோடியில் ஒரு வாய்க்கால் இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். எந்த இடத்தில் என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பக்கம் கை காட்டினார்கள். மனை மனையாக வந்ததில், அது எப்போது தூர்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் கையிலிருந்த வரைபடத்திலும் இல்லை. அவர் வண்டியை எடுக்கப் போனபோது, பெரிய வீட்டம்மா கையைப் பிடிக்காத குறையாக அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனார்.

பலகையில் வாய்க்கால் இருந்தது. வீடுகள் வருவதற்கு முன்பே அக்கா அளந்து ஒட்டிய நீலச் சாட்டின் ரிப்பன். ஊரில் வாய்க்கால் போன பிறகும், ரிப்பனைப் பிய்க்க அவருக்கு மனம் வரவில்லை.

"இதெல்லாம் ரெக்கார்டு ஆவாதும்மா" என்றார் அதிகாரி.

"நீங்க ரெக்கார்டுல பாத்தீங்க சார். நான் நடந்து பாத்தன்" என்றார் அக்கா.

அதிகாரி கொஞ்ச நேரம் ரயில் சுற்றுவதைப் பார்த்தார். பிறகு அக்காவின் கழுத்திலிருந்த டேப்பை வாங்கி, கோயில் மதிலிலிருந்து ரிப்பன்வரை அளந்தார். இஞ்சுக்கு நாற்பதடி என்று கணக்குப் போட்டு, வெளியே போய் அளந்து, ஆளைவிட்டுத் தோண்டச் சொன்னார். இடுப்பளவு ஆழத்தில் பழைய வாய்க்காலின் செங்கல் கரை தட்டுப்பட்டது. கணக்கிலிருந்து நாலடி தள்ளி இருந்தது. அதை அதிகாரி குறையாகச் சொன்னபோது, அக்கா அசரவில்லை.

"தையலுக்கு உட்ட துணி சார் அது" என்றார்.

பழைய ஆவணங்களைத் தேடிப் பார்த்ததில் வாய்க்கால் உறுதியானது. இழுபறிதான், ஆனாலும் அடுத்த ஆடிக்குள் வெட்டி, ரோட்டுக்குக் குறுக்கே ஒரு சின்னப் பாலமும் போட்டார்கள். அந்த வருட மழையில் தண்ணீர் சத்தமில்லாமல் தெருவைத் தாண்டிப் போனது. வேலை முடிந்த பிறகும் அந்த அதிகாரி ரெண்டு மூன்று முறை வந்தார். வாய்க்காலைப் பார்க்க வருவதாகத்தான் சொன்னார். வாய்க்கால் வெளியே இருந்தது, அவர் உள்ளே இருந்தார்.

இப்போது நாங்கள் லாஸ்பேட்டைக்குக் குடிவந்துவிட்டோம். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அக்காவைப் பார்த்தேன். பலகையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்குள் கடுகளவு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. மற்ற வீடுகளில் இல்லை. நாங்கள்தான் காலி செய்துவிட்டோமே, இதில் எதற்கு விளக்கு என்று கேட்டேன்.

"மத்தவங்கல்லாம் இங்கதான இருக்காங்க. நீங்கதான வழி தேடி வரணும்" என்றார், ஊசியில் நூல் கோத்தபடியே.

அக்கா ஆண்களுக்குத் தைப்பதில்லை. இருந்தும், திரும்புகிற வழியில் ஒரு சட்டைத் துணி வாங்கிவிட்டேன். அடுத்த ஞாயிறு போய்க் கொடுக்க வேண்டும்.