ரபாபின் வெள்ளிக்கிழமை டியூட்டி

பஹ்கத் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே அவசரப் பிரிவுக்குள் நுழைந்தபோது, ரபாப் தன் தேநீரில் நான்காவது கரண்டி சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"கதவைச் சாத்து ரபாப்! பேராசிரியருக்குத் தெரியக் கூடாது."

"என்னடா ஆச்சு?"

"ஒருத்தன் கணுக்கால்லயே உதைச்சுட்டான். நாள் முழுக்க ஆளைத் தூங்க வைக்கிற பயலுக்கு இவ்வளவு வேகம் எங்கேயிருந்து வந்துச்சோ, வல்லாஹி, சத்தியமா தெரியல."

மன்சூரா நகரத்தில், ஆற்றோரம் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு ஒரு முறை எலும்புத் துறைக்கும் மயக்க மருந்துத் துறைக்கும் கால்பந்து நடக்கும். எலும்புத் துறையில் பயிற்சி டாக்டர்கள் பன்னிரண்டு பேர். பதினொருவர் ஆண்கள், கால்பந்து அணிக்கென்றே எண்ணி எடுத்தது போல. பன்னிரண்டாவது ஆள் ரபாப்.

"நீ டியூட்டியைப் பாரு" என்று துறைத் தலைவரும் ஆட்டத்தின் நடுவருமான பேராசிரியர் ஷௌக்கி அவளிடம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அது கூடப் பரவாயில்லை. நன்றாக ஆடுகிறவன்தான் நாளை அறுவையில் தம் பக்கத்தில் நிற்பான் என்று அறிவித்திருந்தார். ஊர்க் கழகத்தின் முன்கள வீரனுக்கு முட்டியில் அறுந்துபோன தசைநாரைச் சரிசெய்யும் அறுவை. அதற்காக ரபாப் மூன்று வருடமாகக் காத்திருக்கிறாள். ஆடவே விடாமல் தோற்கடிப்பது எந்த ஊர் நியாயம் என்று காலையிலிருந்து மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்தாள்.

பஹ்கத்தின் எக்ஸ்ரேயைப் பார்த்தாள். எலும்பு முறியவில்லை, வெறும் பிசகு. கட்டுப்போட்டு, அவன் கெஞ்சியதால் மாவுக்கட்டு அறையில் ஒளித்து வைத்தாள். உடனே தொலைபேசி அடித்தது.

"பஹ்கத் எங்கே போய்த் தொலைஞ்சான்?" பேராசிரியர்தான்.

"ஒரு அவசரக் கேஸ் சார். நான்தான் கூப்பிட்டேன்."

ரிசீவரை வைத்துத் திரும்பினால், கோல்காப்பாளன் இமாத் வாசலில் நிற்கிறான். அவன் சுண்டுவிரல், வேறு ஊர் பஸ்ஸைப் பார்த்துவிட்டது போலத் தனியே ஒரு பக்கம் திரும்பியிருந்தது.

"பேராசிரியருக்குத் தெரிஞ்சா நாளைக்கு எனக்கு அறுவை கிடையாது. பஹ்கத்துக்குத் தெரிஞ்சா மானமே கிடையாது."

மூட்டு நழுவியிருந்தது. மரக்கச் செய்து, விரலை நேராக்கி, கட்டி, அவனைத் துணிகள் வைக்கும் அறைக்குள் தள்ளினாள். மறுபடியும் தொலைபேசி.

"இமாத் எங்கே? கோல்ல ஆளே இல்லை!"

"அதே கேஸ்தான் சார். கொஞ்சம் பெரிய கேஸ்."

"ரெண்டு பேர் வேணும்னா அப்படி என்ன கேஸ்?"

"இடுப்பெலும்பு சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சரி சரி, அவங்க அங்கேயே இருக்கட்டும். விசிலை வேற யார்கிட்டயாவது கொடுத்துட்டு நானே கோல்ல நிக்கறேன்."

"ஐயோ, வேண்டாம் சார்!" என்று அவள் கத்தியது, துண்டிக்கப்பட்ட தொலைபேசிக்கு மட்டும்தான் கேட்டது. பேராசிரியருக்கு வயது ஐம்பத்தொன்பது.

அரை மணி நேரத்தில் அவர் வந்து சேர்ந்தார். வலது தோள் இறங்கித் தொங்கியது. இடது கையால் அதைப் பச்சைக் குழந்தையைப் போல் தாங்கியிருந்தார். பின்னாலேயே, ஆட்டம் பார்க்க வந்திருந்த அவர் மனைவி சுஹைர், ஒரு கையில் தன் கைப்பையும் மறுகையில் அவருடைய ஒரு ஷூவுமாக.

"எங்கே அந்த இடுப்பெலும்பு?" அவர் கேட்ட முதல் கேள்வி.

"எந்த இடுப்பெலும்பு?" என்றாள் நர்ஸ் ஹிக்மத் அப்பாவியாக. "காலையிலேருந்து வெளியாள் ஒரு ஈ காக்கா வரலையே!"

பேராசிரியர் போட்ட கூச்சலில் இரண்டு கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தன. நொண்டிக்கொண்டு ஒருவன், விரலைத் தூக்கிக்கொண்டு ஒருவன்.

"நீயா?" என்றான் பஹ்கத்.

"நீயுமா?" என்றான் இமாத்.

பேராசிரியர் காலைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், கடைசியாக ரபாபைப் பார்த்தார். "பொய்யா சொன்னே?"

"ஆமா சார். என் தப்புதான்." அவளுக்கு மூன்று வருடப் படிப்பும் ஆற்றோடு போகிற மாதிரி இருந்தது.

"உன்னை நாளைக்கே..." என்று கையை ஓங்கப் போனவர், "ஆ!" என்று அலறி நாற்காலியில் விழுந்தார்.

பஹ்கத் முன்னால் குதித்தான். "கவலைப்படாதீங்க சார். அக்குள்ல ஒரு காலை முட்டுக் கொடுத்து ஒரே இழுப்பு!"

"எந்தக் காலைடா?"

"அப்போ நான் இழுக்கறேன் சார்" என்றான் இமாத், மிச்சமிருந்த ஒன்பது விரல்களோடு.

"கிட்டே வந்தீங்க, ரெண்டு பேரையும் தோல் வியாதித் துறைக்குத் துரத்திடுவேன்! ரபாப், என்ன வேடிக்கை பார்க்கறே? நீ பாரு!"

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "நிமிர்ந்து உட்காருங்க சார். உங்க கையை என் தோள்மேல வச்சுக்கோங்க." அவருடைய மேல்கையின் தசையை மெதுவாகப் பிடித்துவிட ஆரம்பித்தாள். "நேத்து வீட்டுல என்ன சமையல்?"

"இது கேக்கற நேரமா? மீன்."

"பொரிச்சதா, சுட்டதா?"

"சுட்டது. மீனைப் பொரிக்கிறவன் மனுஷனே இல்லை. தவிட்டைத் தடவி, அனல் நல்லாப் பிடிச்சதும்..." கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சை, பூண்டு, சீரகம் வரைக்கும் போனவர் திடீரென்று கண்ணைத் திறந்தார். "அது கிடக்கட்டும், எப்போ இழுக்கப் போறே?"

"பூண்டு சொல்லும்போதே உள்ளே போயிடுச்சு சார்."

தோளைத் தொட்டுப் பார்த்தார். அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பஹ்கத்தும் இமாத்தும் சுவரைப் பார்த்தார்கள்.

"நாளைக்குத் துணைப் பேராசிரியர் அறுவையைச் செய்யட்டும்" என்றார் கரகரத்த குரலில். "பக்கத்துல நீ நில்லு."

"சார், நான் பொய்..."

"அதுக்குத் தனியா மூணு நாள் டியூட்டி இருக்கு. சேர்த்தே அனுபவி." பிறகு மற்ற இருவர் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களாடா? இந்தப் பொண்ணு கையில இவ்வளவு பக்குவம் இருக்குன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது!"

சுஹைர் ஷூவைத் தரையில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நம்பாதேம்மா ரபாப். ஒரு மாசமா வீட்டுல இதே புலம்பல்தான்: 'யாரு வேணா ஆடட்டும், ரபாப் மட்டும் டியூட்டியில இருக்கணும். மைதானத்துல எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்தத் தடியனுங்க கையில என்னைக் கொடுத்துடாதே சுஹைர்!'"