அண்ணாச்சிக்கு முளைத்த பதினோரு மீசை

தாமிரபரணிக்கு இந்தக் கரையிலும் சரி, அந்தக் கரையிலும் சரி, அறுபதைத் தாண்டிய ஆண்பிள்ளையைப் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்லும் துணிச்சல் உள்ள ஒரே மனுஷி எங்கள் ரப்பர் டீச்சர்தான். நான் நின்றிருக்கிறேன். மூட்டுவலி என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப பைய ஏறுங்க சார்வாள்" என்றார்.

நான் செய்த குற்றம், சட்டைப் பையில் அழிரப்பர் வைத்திருந்தது. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு பாத்திரக்கடை மாடியில், சனிக்கிழமை தோறும் பெரியவர்களுக்கு அவர் ஓவியம் சொல்லித் தருகிறார். அங்கே போட்ட கோடு போட்டதுதான், அழிக்கக் கூடாது. பறித்த ரப்பரையெல்லாம் ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைப்பார். ஒரு நாள் எண்ணினேன். முப்பத்துநாலு இருந்தன, ஏழு என்னுடையவை. டீச்சருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் மார்க்கெட்டில் யாருக்கும் தெரியாது.

மாணவர்கள் பதினோரு பேர். பள்ளிக்கூடத்தில் பூனை வரைந்து அடி வாங்கியதோடு எங்கள் ஓவிய வாழ்க்கை முடிந்திருந்தது. காஜா பாய் பாதி ஆயுளைச் சவூதியில் கிரேன் ஓட்டிக் கழித்தவர். முதல் நாள் அவர் வரைந்ததை டீச்சர் தூக்கிப் பிடித்தார்.

"என்ன பாய் இது, பூசணிக்காயா?"

"செம்புதான் டீச்சர். கொஞ்சம் வீங்கிட்டு."

"செம்பு எப்படி இருக்கும்னு உங்களுக்கு முன்னாலயே தெரியும் பாருங்க, அதான் வியாதி. தெரிஞ்சத வரையாதீய. பாக்கத வரையுங்க. கண்ணு எதிர்ல, கை தாள்ல. நான் சொல்லுத வரைக்கும் ஒருத்தரும் தாளக் குனிஞ்சு பாக்கக் கூடாது."

குனிந்தவருக்குப் பெஞ்சு. அன்று குனியாமல் வரைந்த என் செம்பின் வாய் ஒரு மூலையிலும், அடி இன்னொரு மூலையிலும் கிடந்தன. வீட்டில் மனைவி பார்த்துவிட்டு "எந்த ஊர் மேப்பு?" என்று கேட்டாள். டீச்சரோ "இன்னைக்குத்தான் செம்பப் பாத்திருக்கீய" என்று முதுகில் தட்டினார். ரிட்டயர் ஆன பிறகு என்னை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வகுப்புக்குக் கீழேயிருந்து ஆபத்து வந்தது. கடை அண்ணாச்சி ஒரு நாள் மாடிக்கு வந்தார்.

"டீச்சர், செல்போன் கடக்காரன் ஒருத்தன் இந்த மாடியக் கேக்கான். எனக்கு மனசில்ல. ஆனா நீங்க இங்கன என்ன சொல்லிக் குடுக்கீயன்னு நானும் பாக்கணும்லா? மாசி மாசம் எனக்கு அறுபதாம் கல்யாணம். மண்டப வாசல்ல வைக்க என் படம் ஒண்ணு வரைஞ்சு குடுங்க. நல்லா வந்தா மாடி உங்களுக்கு. இல்லன்னா அவனுக்கு."

"நான் வரையலாமா?" என்றார் டீச்சர்.

"நீங்க வரைஞ்சா எனக்கென்ன தெரியும்? இவுக வரையட்டும்."

எனக்கு அன்று ரத்தக்கொதிப்பு ஏறியது. மார்க்கெட்டில் எங்களுக்கு வேறு மாடி கிடைக்காது என்று டீச்சர் ஏற்கெனவே விசாரித்துச் சொல்லியிருந்தார். வகுப்பு போனால் சனிக்கிழமைக்கென்று என்னிடம் மிஞ்சுவது மாத்திரையும் டி.வி. சீரியலும்தான்.

கல்லாவை விட்டு நகர மாட்டேன் என்று அண்ணாச்சி சொன்னதால், நாங்கள்தான் கீழே இறங்கிக் குடங்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். "கண்ணு எதிர்ல" என்றார் டீச்சர். கண்ணை எதிரில் வைத்தோம். தாளைக் குனிந்தே பார்க்கவில்லை. கடையில் கோடு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நேரம் முடிந்ததும் தாள்களைத் திருப்பினோம்.

அண்ணாச்சி மழமழவென்று சவரம் செய்த முகக்காரர். பதினோரு படத்திலும் மீசை. அதுவும் சாதாரண மீசையா, காது வரை போய் முறுக்கித் திரும்பும் மீசை.

பிறகுதான் புரிந்தது. கல்லாவில் இருக்கிற அண்ணாச்சியை உற்றுப் பார்ப்பது எங்கள் ஊரில் சண்டைக்குக் கூப்பிடுவதற்குச் சமம். மரியாதைக்கு எல்லோரும் பார்வையை ஒரு சாண் உயர்த்தியிருக்கிறோம். அந்த ஒரு சாணில், மாலை போட்ட போட்டோவில் முறுக்கு மீசையோடு தொங்கிக்கொண்டிருந்தார் அண்ணாச்சியின் தகப்பனார்.

அண்ணாச்சி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"எங்க அய்யா! நான் அவுக சாடைன்னு இதுவரைக்கும் ஒரு பய சொன்னதில்ல. உங்க பதினோரு பேரு கண்ணுக்கும் தெரிஞ்சிருக்கே."

மாடி தப்பியது என்று மூச்சு விட்டேன். காஜா பாய் ஸ்டூலுக்குக் கீழே என் காலை மிதித்தார். இனி டீச்சர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

திறந்தார். "இல்ல அண்ணாச்சி. இவுக உங்களப் பாக்கவே இல்ல. மேல இருக்க போட்டோவப் பாத்து வரைஞ்சிருக்காக. உங்க மூஞ்சியப் பாக்கப் பயம்."

"டீச்சர்" என்றேன் நான், அழாத குறையாக.

"பொய் சொல்லி எடம் வாங்கி, அங்கன உக்காந்து நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?"

அண்ணாச்சி போட்டோவை அண்ணாந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். கடைக்கு வந்த ஒரு அம்மாள், சூழ்நிலை சரியில்லை என்று எடுத்த கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

"பயமா? நான் என்ன கடிக்கவா போறேன்? பதினெட்டு வயசுல இந்தக் கல்லால உக்காந்தேன். எல்லாவனும் அய்யாவக் கும்பிட்டுட்டு, என்கிட்டப் பேரம் பேசிட்டுப் போறான்" என்று நாற்காலியைத் தானே தூக்கினார். தெருவாசல் வெளிச்சத்தில் போட்டு, போட்டோவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். "இப்பப் பாருங்க வே."

பார்த்தோம். முதலில் வேர்த்தது. எத்தனையோ வருஷம் அவரிடம் பாத்திரம் வாங்கியிருக்கிறேன். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருப்பதை அன்றுதான் கண்டேன். கடை அதிரக் கத்துகிற மனுஷர், பதினோரு பேர் பார்வையில் புதுமாப்பிள்ளை போல் நெளிந்தார்.

எங்கள் படம் எதுவும் மண்டப வாசலில் வைக்கிற தரமில்லை. காஜா பாய் வரைந்ததில் ஒரு கண் காதுக்கு அடுத்த வீட்டில் இருந்தது. அண்ணாச்சி அதைத்தான் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கோணலா இருக்கு. ஆனா இது நாந்தான் வே." பிறகு டீச்சரிடம், "செல்போன்காரன வேற எடம் பாக்கச் சொல்லிருதேன்" என்றார்.

"சரி, எல்லாரும் மேல ஏறுங்க. பாக்கிப் பாடம் கெடக்கு" என்றார் டீச்சர், ஒன்றுமே நடக்காதது போல.

எனக்கு இன்னும் வரைய வரவில்லை. டீச்சர் ஆழ்வார்குறிச்சியிலிருந்து வருகிறவர். சனிக்கிழமை அவர் பஸ் பத்து நிமிஷம் தாமதமானால், நானும் காஜா பாயும் எழுந்து ஸ்டாப்பு வரை நடக்கிறோம். "உங்க ரெண்டு பேருக்கும் வீட்ல வேலை இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இறங்குவார். இல்லை என்று சொல்லி, ஆளுக்கொரு பையை வாங்கிக்கொள்வோம்.