மஞ்சள் பட்டையில் எழுதியிருந்தது

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன், என் கையாலேயே எழுதுவது. இங்கு அனைவரும் நலம். எழுத்துகள் மேடும் பள்ளமுமாக இருப்பதைப் பொறுத்துக்கொள். ஒரு 'ழ' போட்டு நிமிர்வதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. "அத்தான் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டா நான் மீசையை எடுத்துடறேன்" என்றாயே, கத்தியைத் தீட்டி வை.

எங்கள் முதியோர் வகுப்புக்கு என் மகள் கணினியில் ஒரு பாடம் செய்தாள். எழுத்தைத் தொட்டால் அது பேசும். ஆசிரியைக்குப் பிடித்தால் அவளுக்கு அதுதான் முதல் வேலை. ஆனால் உலாவி என்கிற அந்த ஜன்னல் இருக்கிறதே, பாடமும் ஒலியும் அதே கணினியில் கிடந்தும் சொந்த வீட்டுக் கோப்புகளையே உள்ளே விடமாட்டேன் என்றது. முப்பது வருஷம் தொழிற்சாலை வாசலில் காவல் நின்று, அடையாள அட்டை இல்லையென்று முதலாளியையே வெயிலில் நிறுத்தியவன் நான். எனக்கு அதன்மேல் மரியாதையே வந்துவிட்டது. மகளுக்கு வரவில்லை. "வேலை முடியற வரைக்கும்தாம்பா" என்று அதன் காவலைத் தளர்த்தித் திறந்தாள். எழுத்துகள் பேசின. நேற்று அவள் ஆசிரியையை அழைத்துவரப் பேருந்து நிறுத்தத்துக்குப் போன நேரம், திரையின் உச்சியில் மஞ்சளாக ஒரு பட்டையைப் பார்த்தேன். விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்: பாதுகாப்புக் குறையும். யார் துணையும் இல்லாமல் நான் படித்த முதல் வரி, மச்சான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? ஜன்னலை மூடி, உலாவியின் வழக்கமான குட்டிப் படத்தைத் தட்டித் திறந்து, பாடத்தையும் பழையபடி வைத்தேன். பட்டை போயே போய்விட்டது. அவர்கள் வந்து பார்த்தால் திரை வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. ஓர் எழுத்தும் இல்லை. மகள் தான் எழுதியதில்தான் பிழை என்று அரைமணி நேரம் தோண்டினாள். காது சிவந்துவிட்டது. ஆசிரியை இரண்டு தரம் கடிகாரம் பார்த்துவிட்டுப் பையை எடுத்தார். ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "பயப்படாதேம்மா, ஆபத்துன்னு போட்டிருந்தது, நான்தான் படிச்சுட்டு எல்லாத்தையும் சரி பண்ணினேன்" என்றேன்.

மகள் மெதுவாகத் திரும்பினாள். "உங்களை யாருப்பா படிக்கச் சொன்னது?"

"நான்தான்" என்று சொல்லி ஆசிரியை பையைக் கீழே வைத்தார்.

காவலை மறுபடி தளர்த்தினாள், எழுத்துகள் பேசின, வேலையும் கிடைத்தது. இனிக் கணினியைத் தொடமாட்டேன் என்று மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: மகள் அடுத்த பாடத்தைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். மேலே அதே பட்டை. தொடமாட்டேன் என்றுதானே சத்தியம், படிக்கமாட்டேன் என்று இல்லையே என்று படித்தேன். ஜன்னல் எப்படியோ மூடிக்கொண்டது. அடுத்த வாரம் எழுதுகிறேன். எந்த வீட்டிலிருந்து என்பதை உறையின் பின்பக்க முகவரியில் பார்த்துக்கொள்.