மூன்று பொட்டு அடுப்பு

லெட்சுமியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது பதுளை ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில். பார்க்க வந்தவர்கள் போகும் நேரம் என்று மணி அடித்துவிட்டார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"என்ன சமைச்சீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"பருப்பு."

"எந்தப் பொட்டுல வெச்சீங்க?"

"நடுப் பொட்டுல."

"சின்னப் பொட்டுல வைங்க. பொங்கிரும்."

மறுநாள் காலை நான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே போன் வந்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள் என்னிடம் கடைசியாகப் பேசியது பருப்பைப் பற்றி.

பொட்டு என்றால் நெற்றியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் பொட்டுதான். அது அடுப்புக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு கரண்ட் அடுப்பு லெட்சுமி குவைத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பும்போது கொண்டுவந்தது. இருபது வருஷமாகிறது. சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகுகிற குமிழைச் சுற்றி நம்பர் போட்டிருக்கும். அத்தனையும் அரபு எழுத்து. அவளுக்கு விளங்கும். எனக்கு விளங்காது, விளங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நான் முப்பத்தொரு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்தவன். கூடையைப் பார்த்தே எடை சொல்வேன். தேத்தண்ணி போடத் தெரியாது.

உடம்புக்கு முடியாமல் போனபோது அவள் என்னை அடுப்பு முன்னால் நிற்க வைத்தாள். தன் பொட்டுப் பாக்கெட்டில் கடைசியாக இருந்த மூன்று பொட்டை எடுத்துக் குமிழைச் சுற்றி ஒட்டினாள். பெரிய பொட்டு சோற்றுக்கு. நடுப் பொட்டு கறிக்கு. சின்னப் பொட்டு பாலுக்கும் பருப்புக்கும். அவள் போய் மூன்று வருஷம். அந்த மூன்று பொட்டை நம்பித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அடுப்பு நின்றுவிட்டது.

சத்தமில்லை, புகையில்லை. கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

வேறு வாரமாக இருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை என் மகள் வசந்தி வத்தளையிலிருந்து வருவதாக இருந்தாள். அவளுக்கும் எனக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. நானே சமைத்துச் சாப்பிடும்வரை நான் இந்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இருக்கலாம். அது முடியவில்லை என்று தெரிந்த அன்றைக்கு உடுப்பைக் கட்டிக்கொண்டு அவளோடு போய்விட வேண்டும். அவள் வீடு நாலாம் மாடியில். நல்ல வீடுதான். ஜன்னலைத் திறந்தால் இன்னொரு நாலாம் மாடி தெரியும்.

அடுப்பை மாவுச் சாக்கில் போட்டுக் கட்டித் தோளில் வைத்தேன். பக்கத்து வீட்டுப் பாக்கியம் வாசலில் நின்றாள். வசந்தியின் போன் நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

"என்னங்கண்ணே சாக்குல?"

"ரேடியோ."

"அவ்வளவு பெரிசாவா?"

"பழைய ரேடியோ."

பதுளை பஜாரில் ரிப்பேர்க் கடை நஸீர் நானா அடுப்பைக் கழற்றிப் பார்த்தார். கொயில் அறுந்துவிட்டது, வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்னால் வந்தால் எடுத்துப் போகலாம் என்றார். மூன்று நாள் கடையில் வாங்கிய பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். வசந்தி போனில் என்ன சமைத்தீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் ஒரு கறி சொன்னேன். வியாழக்கிழமை கொஞ்சம் கூடிப்போய், பொரித்து வினாகிரியில் பிரட்டுகிற கத்தரிக்காய் மோஜு என்று சொல்லிவிட்டேன். மோஜுவா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள்.

வெள்ளிக்கிழமை போனபோது அடுப்பு மேசைமேல் பளபளவென்று இருந்தது.

"புதுசு மாதிரி ஆக்கிட்டேன் அண்ணன்," என்றார் நஸீர் நானா. "கறையெல்லாம் சுரண்டி எடுத்திட்டேன். என்னமோ ஸ்டிக்கர் வேற ஒட்டி இரிந்திச்சு."

குனிந்து பார்த்தேன். மூன்று பொட்டும் இல்லை.

சுரண்டியதைக் கேட்டேன். காலையில் குப்பை லொறியில் போய்விட்டதாம். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அவரே தைரியம் சொன்னார்.

"அதுக்கென்ன, நம்பர் இரிக்கே. ஸ்டிக்கருக்கு அடியில மறைஞ்சு இரிந்திச்சு. சோத்துக்கு எத்தனையாம் நம்பர்ல வெப்பீங்க?"

நான் நம்பரைப் பார்த்ததே இல்லை. பொட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் ஒன்றிலிருந்து ஆறுவரை அரபில் வாசித்துக் காட்டினார். கேட்க நன்றாக இருந்தது.

அன்று பின்னேரம் மூன்று தடவை சோறு வைத்தேன். முதல் சோறு அடிப்பிடித்தது. இரண்டாவது அரிசியாகவே இருந்தது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு திருகினேன். கைக்கு ஞாபகம் இருந்தது போல. சோறு வந்தது. கறியும் அப்படியே வந்தது. பருப்பு மட்டும் எங்கே வைத்தாலும் பொங்கியது. கிடைத்த இடங்களைப் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். பொங்கியதைத் துடைத்ததும் கோடும் போய்விட்டது.

அப்போதுதான் பொட்டே வாங்கலாமே என்று தோன்றியது.

சனிக்கிழமை பஜாரில் ஒரு பேன்சிக் கடைக்குப் போனேன். லெட்சுமி இருந்தபோதுகூட நான் பொட்டு வாங்கியதில்லை. அடுப்புக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று முடிவு செய்துகொண்டேன்.

"யாருக்குங்க ஐயா?" என்றாள் கடைப் பெண்.

"வீட்டுக்கு."

"என்ன வயசிருக்கும்?"

பொய் சொல்வானேன் என்று நினைத்தேன். "இருபது."

கல் வைத்த பொட்டுகளை எடுத்துப் போட்டாள். கல் வேண்டாம், சூட்டில் கழன்று விழக்கூடாது என்றேன்.

"அடுப்படியிலயே நிப்பாங்களோ?"

"குவைத்துலேருந்து வந்த நாள் தொட்டு அடுப்படிய விட்டு வெளிய வந்ததில்ல. இந்த வாரந்தான் ஒருக்கா பதுளைக்குக் கூட்டிவந்தேன்."

"நெறம் எப்பிடிங்க? அதுக்குத் தக்கன எடுக்கலாம்."

"முந்தி கறுத்துக் கெடந்துச்சு. நேத்துதான் சுரண்டி வெள்ளையாக்கினாங்க."

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். பிறகு மூன்று அளவும் கலந்த பாக்கெட் ஒன்றை எடுத்து வைத்தாள். பன்னிரண்டு பொட்டு. வாங்கிக்கொண்டு திரும்பினால், பின்னால் பாக்கியம், கையில் ஹேர்பின் அட்டையோடு.

பாக்கியம் பேசாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து, கண்ணை மூடித் திருகிப் பார்த்துப் பொட்டுகளை ஒட்டினேன். சின்னப் பொட்டை மட்டும் குத்துமதிப்பாக ஒட்டினேன்.

விஷயம் பரவ, திங்கட்கிழமை காலை வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுவரை காத்திருக்க வேண்டி வரவில்லை. அன்று பின்னேரமே தண்ணீர்க் குழாயடியில் இருந்த பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும், "நல்லா இருங்கண்ணே," என்றாள். நானும் நன்றி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வரவேண்டிய வசந்தி எட்டு மணிக்கே வந்துவிட்டாள். கையில் பெரிய பேக். காலியாக இருந்தது. என் உடுப்புக்கு என்று பார்த்ததும் தெரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் பார்த்தாள், பின்கதவைத் திறந்து பார்த்தாள், அடுப்படிக்கு வந்தாள்.

"எங்கப்பா அவ?"

"யாரு?"

"குவைத்துலேருந்து வந்தவ. இருபது வயசாம். பொட்டெல்லாம் வாங்கிக் குடுத்தீங்களாம்."

அடுப்பைக் காட்டினேன்.

மூன்று புதுப் பொட்டோடு அது நின்றது. மேலே பருப்பு பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

வசந்தி கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். பழைய பொட்டு எங்கே என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், ரேடியோவையும் மோஜுவையும் சேர்த்து. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சின்னப் பொட்டை நகத்தால் மெல்ல எடுத்து, அரை விரல் அளவு இடப்பக்கம் தள்ளி ஒட்டினாள்.

"அம்மா இங்கதான் வெச்சிருந்தாங்க."

குமிழை அதற்கு நேராகத் திருகினாள். பருப்பு அடங்கியது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மத்தியானம் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். மோஜு எங்கே என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். உடுப்பைப் பற்றிப் பேசவில்லை. காலி பேக்கில் லீக்ஸ், கோவா என்று மரக்கறி நிரப்பிக் கொடுத்தேன். பஸ் ஏறும்போது அவள் நெற்றியில் ஒரு நடுப் பொட்டு இருந்தது. வரும்போது வெறும் நெற்றி.

பாக்கியம் இன்னமும் எங்கள் அடுப்படி ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.

பாக்கெட்டில் எட்டுப் பொட்டு மிச்சமிருக்கிறது.