படிச்ச பேய்

சனிக்கிழமை நண்பகலுக்குள் தந்தி அடித்தாக வேண்டும். புதன்கிழமை மாலையாகியும், எந்த ஊருக்கு அடிப்பது என்று பெற்றீசியாவுக்கு முடிவு வரவில்லை.

வந்திருந்தவை இரண்டு கடிதங்கள். மருத்துவ மானிடவியலில் முதுமாணிப் பட்டம் படிக்க லண்டனில் ஒரு பல்கலைக்கழகமும் ஸ்கொட்லாந்தில் ஒன்றும் அவளை அழைத்திருந்தன. செலவு முழுவதும் அவர்களுடையது. லண்டன் என்றால் பெரிய பெயர், ஒரே வருடம். ஸ்கொட்லாந்து இரண்டு வருடம். இரண்டாம் வருடம் சொந்த மலைக்கே திரும்பி வந்து, நோய் என்றால் சனங்கள் முதலில் யாரிடம் ஓடுகிறார்கள், ஏன் ஓடுகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.

ஹட்டனுக்கு மேலேயுள்ள அந்தத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் போய் விஞ்ஞானப் பட்டம் வாங்கிய முதல் பெண் அவள். நாலு பேர் கூடினால் வாய் திறக்க மாட்டாள். ஆகவே கொப்பியில் நடுவே கோடு போட்டு, இரு பக்கமும் நன்மைகளை எழுதினாள். பதினான்குக்குப் பதினான்கு வந்தது. யோசித்து ஒன்று சேர்த்தாள். மறுபக்கமும் ஒன்று கூடிவிட்டது.

சோறு இறங்கவில்லை. தூக்கம் வரவில்லை. தேயிலைக்கு நடுவே நின்று தனியாகச் சிரித்தாள்.

"என்னா புள்ள, தட்டுல சோறு அப்படியே கெடக்கு?" என்றாள் அம்மா சிசிலி.

"யோசிக்கிறேம்மா. லண்டனா, ஸ்கொட்லாந்தான்னு."

"ரெண்டும் வெள்ளக்காரன் ஊருதானே? அதுக்கா இந்தப் பாடு? நீ ஆத்தோரம் எதையோ பாத்துப் பயந்திருக்க."

வியாழக்கிழமை பின்னேரம் தோட்டத்து மருந்துக்காரரிடம் இழுத்துப் போனாள்.

"நெஞ்சு படபடங்குதா?"

"ஆமாங்க. சந்தோசத்துல."

"சந்தோசத்துக்கெல்லாம் இங்க மருந்தில்ல" என்றவர், சிவப்பு மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஒரு மடக்குக் குடித்தவள், கண் விழித்தபோது வெள்ளிக்கிழமை மூன்று மணி.

ஒரு முழு நாள் தூக்கத்தில் போயிருந்தது! தலைவிரி கோலமாக வாசலுக்கு ஓடினாள்.

"ஐயோ, ஒரு நாள் போச்சே! இன்னும் ஒரே நாள்தான் இருக்கு!"

பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா விறகைக் கீழே போட்டாள். "கேட்டீங்களாக்கா? நாள் குறிச்சுப் பேசுது!"

"பேயோட்டக் கோடாங்கியக் கூப்பிட வேண்டியதுதான்" என்றாள் சிசிலி.

அப்பா கஸ்பர் கங்காணி பதறிப்போனார். "நாம வேதக்காரங்க, சிசிலி. பாதருக்குத் தெரிஞ்சா?"

"பாதரு ஞாயித்துக்கெழமதானே வர்றாரு. அதுக்குள்ள முடிஞ்சிரும்."

கோடாங்கி செல்லசாமி பகலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். வேலை விட்டதும் குளித்து, திருநீறு பூசி, உடுக்கையோடு வந்தார். லயமே வாசலில் கூடியது. விளக்குக்கு முன்னே உட்கார வைக்கப்பட்ட பெற்றீசியாவுக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். எந்தப் பாடப் புத்தகம் இதை இவ்வளவு கிட்டத்தில் காட்டும்? கூச்சம் எங்கே போனதோ, கொப்பியை விரித்துவிட்டாள்.

உடுக்கை முழங்கியது. "யாரு நீ? சொல்லு!"

"ஐயா, ஒங்ககிட்ட வர்றவங்க மொதல்ல மருந்துக்காரர்கிட்ட போயிட்டு வர்றாங்களா, இல்ல நேரா வர்றாங்களா?"

"போயிட்டுத்தான் வர்..." செல்லசாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஏய்! நான்தான் கேப்பேன். பேய் கேக்கப்படாது!"

"படிச்ச பேய்க்கா" என்று பேச்சியம்மா கிசுகிசுத்தாள். "பேராதெனயில புடிச்சிருக்கும்."

"மாசத்துக்கு எத்தன பேரு வருவாங்க? ஆம்பளைங்க அதிகமா, பொம்பளைங்க அதிகமா?"

இருபது வருடத் தொழிலில் இப்படியொரு பேயைச் செல்லசாமி பார்த்ததில்லை. நெற்றி வியர்த்தது. உடுக்கையை அவள் காதருகே கொண்டுபோய் அடித்தார்.

"பேச்ச மாத்தாத! இந்த எடத்த விட்டு எந்த ஊருக்குப் போற? இப்பவே சொல்லு! எந்த ஊரு?"

மூன்று நாளாக அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. முகத்துக்கு நேரே, யோசிக்க விடாமல், இன்னொருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

"ஸ்கொட்லாந்து!"

கத்தியது தானா என்று அவளுக்கே திகைப்பு. அடுத்த கணம் உடம்பெல்லாம் இலேசாகிவிட்டது. ஸ்கொட்லாந்துதான்! வேறெங்கே?

"அது எங்க இருக்கு? பொல்பிட்டியக்கி அங்கிட்டா?"

"கடலுக்கு அங்கிட்டு!"

"அப்ப நல்லது. திரும்பி வரமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"வருவேன்! ரெண்டாவது வருசம் இங்கதான் வருவேன்!"

வாசல் கூட்டம் பாதியாகக் கரைந்தது. செல்லசாமி அவசரமாக எலுமிச்சம்பழத்தை வெட்டினார். "வரப்படாது!"

"வராம எப்படி? படிப்பே அதுதானே! ஒவ்வொரு லயமா வருவேன். ஒங்க வீட்டுக்குத்தான் மொதல்ல!"

மீதிக் கூட்டமும் கரைந்தது. செல்லசாமி தட்சணையைக்கூட எடுக்காமல் உடுக்கையோடு இறங்கி ஓடினார். சிசிலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

கஸ்பர் கங்காணி சிலுவை போட்டார். "பேய் போற ஊருக்கு எம்புள்ள போகப்படாது. லண்டனுக்குப் போ."

"அப்பா, பேசினது நான்தாம்பா."

"எல்லாப் பேயும் அப்படித்தான் சொல்லும். லண்டன். அவ்வளவுதான்."

முடிவு கிடைத்த அதே மூச்சில் அது கையை விட்டுப் போனது. அப்பாவின் பேச்சை அவள் ஒருநாளும் மீறியதில்லை. ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் இவ்வளவு திட்டமாகத் தெரிந்ததுமில்லை.

காலையில் எழுந்தபோது அம்மாவைக் காணவில்லை; வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போயிருப்பாள். அப்பா மலைக்குப் போகும்வரை போர்வைக்குள் காத்திருந்துவிட்டு, ரோட்டுக்கு ஓடி, எட்டு மணி பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள். ஹட்டன் வரும்வரை ஒரே வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். தபால் கந்தோரில் இறங்கி, வரிசையில் நின்றவர்களையெல்லாம் தாண்டிப் போய், வாழ்க்கையில் இரண்டாவது முறையாகச் சத்தம் போட்டாள்.

"ஸ்கொட்லாந்துக்கு ஒரு தந்தி அடிக்கணும்! அப்பா வேணாம்னாலும் அடிக்கணும்! பேரு பெற்றீசியா கஸ்பர்!"

யாழ்ப்பாணத்துத் தபால் அதிபர் பேரின்பநாயகம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"சிசிலியின்ர மகளோ? உங்கட அம்மா நேற்று மத்தியானமே கடிதங்களைக் கொண்டந்து ரெண்டு ஊருக்கும் தந்தி எழுதுவிச்சு வைச்சவ, 'எந்த ஊர் எண்டு பின்னேரம் கோடாங்கி கேட்டுச் சொல்லுவார்' எண்டவ. இண்டைக்கு முதல் பஸ்ஸில வந்து மற்றதை அடிப்பிச்சு, லண்டனைக் கிழிச்சுப்போட்டுப் போனவ, பிள்ளை!"